சாக்லேட் மருந்தா, மிட்டாயா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவையில் கேட்டபோது, பாய்லரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவி. ஆனால் போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம் என்னைச் சாக்லேட் பற்றிப் படிக்க வைத்துவிட்டது. அதையே எழுதுகிறேன். "சாக்லேட்டில் என்ன பெரிய பாடம்?" என்று சிரிக்காதீர்கள். கடைசிவரை படித்துவிட்டுச் சிரியுங்கள்!

வீட்டில் நடந்தது

என் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். ஆறு வருஷமாகச் சர்க்கரை நோய். ஒருநாள் கடற்கரைச் சாலையில் இறங்கிய ஒரு சவாரி, அப்பாவுக்கு இரண்டு டார்க் சாக்லேட் பார் கொடுத்திருக்கிறார். அதே வாரம் அவருடைய வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: 'டார்க் சாக்லேட் சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும், இதயம் இரும்பாகிவிடும்.' அப்பா பாரை என் கையில் கொடுத்து, "பாப்பா, நீதான் படிக்கிற பொண்ணு. இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லு, நான் சாப்பிடலாமா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். பார் மேலே 70 சதவீதம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. பின்பக்கம் நான் திருப்பவே இல்லை. "டார்க்னா சர்க்கரை கம்மிப்பா. சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்த இரண்டும் தீர்ந்ததும், 'டார்க்' என்று எழுதியிருந்த விலை குறைந்த வேறொரு சாக்லேட்டை அப்பா கடையில் வாங்க ஆரம்பித்தார். தினமும் பாதி பார், அதாவது சுமார் 40 கிராம். அதோடு, "இதுதான் சாப்பிடறேனே" என்று ராத்திரி மாத்திரையையும் பல நாள் விட்டிருக்கிறார். அடுத்த பரிசோதனையில், வெறும் வயிற்றில் 148 இருந்த சர்க்கரை 214 ஆகியிருந்தது. "யாருங்க இதைச் சாப்பிடச் சொன்னது?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். அப்பா கொஞ்சம்கூடத் தயங்காமல், "என் பொண்ணு டிப்ளமோ படிக்குதுங்க, அதுதான் பார்த்துச் சொல்லிச்சு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் சாக்லேட்டைப் பற்றி நிஜமாகப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இங்கே தருகிறேன்.

சாக்லேட் எங்கிருந்து வருகிறது?

கொக்கோ மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு இதற்கு 'தியோப்ரோமா' என்று பெயர் வைத்தார். 'கடவுளரின் உணவு' என்று பொருள். மாயா, ஆஸ்டெக் மக்கள் கொக்கோவை மிளகாய் சேர்த்துக் கசப்புப் பானமாகக் குடித்தார்கள். கொட்டைகளைக் காசாகவும் பயன்படுத்தினார்கள். ஸ்பெயின்காரர்கள் வழியாக ஐரோப்பா போன பிறகுதான் சர்க்கரை தாராளமாகச் சேர்ந்தது. ஆக, கசப்பாக இருந்தவரை கடவுளுக்கு, இனிப்பானதும் நமக்கு!

நம் நாட்டுக்கு இது புதிய பயிர் அல்ல. 1798ஆம் ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் கொக்கோ கன்றுகளை நட்டுப் பார்த்தது. வியாபார ரீதியாக 1960களில் கேரளத்தில் பரவியது. இன்று ஆந்திரா, கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களில் தென்னை, பாக்குத் தோப்புகளின் நிழலில் ஊடுபயிராக விளைகிறது. பொள்ளாச்சிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். காய் கிளை நுனியில் தொங்காது, பலாக்காய் மாதிரி மரத்தண்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

நம் புதுவைக்கும் இதில் பங்கு உண்டு. ஆரோவில்லில் 2014ல் தொடங்கிய மேசன் அண்ட் கோ நிறுவனம் தென்னிந்தியக் கொக்கோ கொட்டைகளை வாங்கி வறுத்து, அரைத்து, சாக்லேட் செய்கிறது. மிஷன் வீதி ஜூக்கா கடையில் கிறிஸ்துமஸ் காலத்தில் சாக்லேட் சிலை வைப்பார்களே, நினைவிருக்கிறதா? மறைந்த பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் சிலையை 2020 டிசம்பரில் 339 கிலோ சாக்லேட்டில் செய்திருந்தார்கள். ஆளுக்கு 10 கிராம் துண்டு என்று கணக்குப் போட்டால் அது 33,900 பேருக்கான சாக்லேட்! இந்த 10 கிராம் கணக்கை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கொட்டையிலிருந்து கட்டி வரை

இது நம் பாடத்துக்குப் பக்கத்தில் வரும் பகுதி. பழத்தை உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டைகளை எடுத்து, ஐந்து முதல் ஏழு நாள் மூடிப் புளிக்க வைக்கிறார்கள். சாக்லேட் மணத்துக்கு அடிப்படை இந்தப் புளிப்புதான். பிறகு வெயிலில் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி அரைக்கிறார்கள். கொட்டையில் பாதிக்குப் பாதி கொழுப்பு என்பதால், அரைக்க அரைக்கத் தண்ணீர் விடாமலே குழம்பாகிவிடும். உலகெங்கும் உள்ள சிறு தயாரிப்பாளர்கள் பலர் இதற்குப் பயன்படுத்துவது, நம்ம ஊர் இட்லி மாவு வெட் கிரைண்டரைக் கொஞ்சம் மாற்றியமைத்த இயந்திரத்தைத்தான்! நாம் முக்கால் மணி நேரம் ஓட்டுவதை அவர்கள் இரண்டு மூன்று நாள் ஓட்டுகிறார்கள்.

1828ல் ஹாலந்தின் வான் ஹூட்டன் கொக்கோவைப் பிழிந்து வெண்ணெயைத் தனியாகப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1847ல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் கட்டிச் சாக்லேட் செய்தது. 1870களில் ஸ்விட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பால் சேர்த்தார். 1879ல் லிண்ட் மணிக்கணக்கில் கிளறிப் பதப்படுத்தும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார்.

கடைசி வேலை 'டெம்பரிங்'. எஃகுக்கு டெம்பரிங் உண்டு என்று வகுப்பில் படித்தோம். சமையல் புத்தகத்தில் தாளிப்புக்கும் டெம்பரிங் என்றுதான் போட்டிருக்கிறது. சாக்லேட்டுக்கும் அதே பெயர். டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 28 டிகிரி வரை குளிர்வித்து, மறுபடி 31, 32 டிகிரிக்குக் கொண்டுவருகிறார்கள். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். அதில் ஐந்தாவது வகைதான் பளபளப்பாகவும் 'டக்' என்று உடைவதாகவும் இருக்கும். அது உருகுவது சுமார் 34 டிகிரியில். நம் உடம்பு 37 டிகிரி. அதனால் வாயில் கரைகிறது. மே மாதப் புதுச்சேரி அதைவிட அதிகம்; அதனால் பையிலேயே கரைகிறது! உருகி மறுபடி இறுகும்போது மேலே வெள்ளைப் பூச்சு படியும். அது பூஞ்சை இல்லை, மேலே வந்த கொழுப்பு. சாப்பிடலாம், ருசிதான் குறையும்.

சத்துக் கணக்கு

100 கிராம் சாக்லேட்டில் உள்ளவை (சுமாராக). முதலில் 70 முதல் 85 சதவீத டார்க், அடுத்து பால் சாக்லேட்:

சக்தி: 598 கிலோகலோரி, 535 கிலோகலோரி
கொழுப்பு: 43 கிராம், 30 கிராம்
சர்க்கரை: 24 கிராம், 52 கிராம்
புரதம்: 8 கிராம், 8 கிராம்
நார்ச்சத்து: 11 கிராம், 3 கிராம்
இரும்பு: 12 மில்லிகிராம், 2 மில்லிகிராம்
மெக்னீசியம்: 228 மில்லிகிராம், 63 மில்லிகிராம்
கால்சியம்: 73 மில்லிகிராம், 189 மில்லிகிராம்
காஃபீன்: 80 மில்லிகிராம், 20 மில்லிகிராம்

பார்த்தவுடன் டார்க் சாக்லேட் பெரிய சத்துணவு மாதிரி தெரியும். இங்கேதான் ஏமாறக் கூடாது. யாரும் 100 கிராம் சாப்பிடச் சொல்லவில்லை. நம்முடைய 10 கிராம் துண்டில் கிடைக்கும் இரும்பு 1.2 மில்லிகிராம், மெக்னீசியம் 23 மில்லிகிராம், அவ்வளவுதான். அந்த இரும்பும் முழுசாக உடம்பில் ஒட்டாது. கொக்கோவில் உள்ள பாலிஃபீனால்கள், டீயில் உள்ளவை போலவே, இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. "எனக்கு ரத்தம் கம்மி, அதான் சாக்லேட்" என்று சொல்லும் ஹாஸ்டல் தோழிகள் இதைக் கவனிக்கவும்!

கொழுப்பைப் பற்றி ஒரு நல்ல செய்தி. கொக்கோ வெண்ணெயில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம். இது உறைகொழுப்பு வகைதான் என்றாலும், மற்றவை போலக் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதில்லை. ஆனால் மீதியில் பால்மிட்டிக் அமிலமும் உண்டு. அது ஏற்றும். கலோரியோ எல்லாக் கொழுப்புக்கும் ஒன்றுதான்.

இதயத்துக்கு நல்லதா?

இந்தப் பேச்சுக்கு ஆதாரம் கொக்கோவில் உள்ள 'ஃபிளவனால்' என்ற பொருள். இது இரத்தக் குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு உருவாக உதவுகிறது. அதனால் குழாய் தளர்ந்து விரிகிறது. பனாமா நாட்டுத் தீவுகளில் வாழும் குனா பழங்குடியினர் நிறையக் கொக்கோ பானம் குடிப்பவர்கள். அவர்களுக்கு வயதானாலும் இரத்த அழுத்தம் ஏறுவதில்லை என்றும், நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு ஏறுகிறது என்றும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹாலன்பெர்க் கண்டார். ஆனால் நகரத்துக்குப் போனால் மாறுவது கொக்கோ மட்டும்தானா? உப்பு, வேலை, கவலை எல்லாமே மாறுகிறதே!

அதனால் சோதனைகள் நடத்தினார்கள். 2017ல் காக்ரேன் அமைப்பு 35 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. ஃபிளவனால் மிகுந்த கொக்கோவால் இரத்த அழுத்தம் சராசரியாக 2 புள்ளிக்கும் குறைவாகவே இறங்கியது. 2022ல் வெளியான 'காஸ்மாஸ்' ஆய்வில், அமெரிக்காவில் 21,000க்கும் மேற்பட்ட முதியவர்களைச் சேர்த்து, ஒரு பாதிக்குத் தினமும் 500 மில்லிகிராம் கொக்கோ ஃபிளவனாலும், மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். இதய நோய் நிகழ்வுகள் மொத்தத்தில் உறுதியாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. இதய நோயால் இறந்தவர்கள் மட்டும் 27 சதவீதம் குறைவு. அவர்கள் சாப்பிட்டது மாத்திரைக் கூடு, சாக்லேட் அல்ல என்பதை மறக்கக் கூடாது. இந்த ஆய்வுக்கு ஒரு சாக்லேட் கம்பெனியின் துணை நிறுவனமும் பண உதவி செய்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அப்படியானால் சாக்லேட் பாரில் எவ்வளவு ஃபிளவனால் இருக்கிறது? உறையைப் பார்த்துச் சொல்லவே முடியாது. புளிக்க வைப்பதிலும் வறுப்பதிலும் கொஞ்சம் போகிறது. கறுப்பு நிறத்துக்காகக் காரம் சேர்த்துப் பதப்படுத்தினால் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆகவே ரொம்பக் கறுப்பாக இருந்தால் ரொம்ப நல்லது என்பது தப்புக் கணக்கு.

சர்க்கரை நோய்க்கு மருந்தா?

இதுதான் எனக்கு வேண்டிய பதில். 2024 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. வாரத்தில் ஐந்து முறையாவது டார்க் சாக்லேட் சாப்பிடுபவர்களுக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் வருவது 21 சதவீதம் குறைவு. பால் சாக்லேட்டுக்கு அப்படி இல்லை, எடைதான் கூடியது. அப்பாவுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி இப்படிப்பட்ட ஒரு ஆய்விலிருந்துதான் கை கால் முளைத்து வந்திருக்க வேண்டும்.

ஆனால் இரண்டு விஷயம். முதலாவது, அது சேர்த்துக் கவனித்த ஆய்வு, கொடுத்துச் சோதித்த ஆய்வு அல்ல. டார்க் சாக்லேட் விரும்புகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் ஜாக்கிரதையாக இருப்பவர்களாக இருக்கலாம். காஸ்மாஸில் கொடுத்தே சோதித்தபோது, சர்க்கரை நோய் வருவதை அது தடுக்கவில்லை. இரண்டாவது, அந்த ஆய்வு நோய் *வராதவர்களைப்* பற்றியது. என் அப்பாவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. குடை பிடித்தால் நனையாமல் போகலாம். நனைந்த பிறகு குடை துணியைக் காயவைக்காது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அப்பா கடையில் வாங்கிய சாக்லேட்டின் பின்பக்கத்தைப் பிறகுதான் திருப்பினேன். முதல் சொல்லே சர்க்கரை! அடுத்தது தாவரக் கொழுப்பு. அதன் பிறகுதான் கொக்கோ. 100 கிராமில் சர்க்கரை 52 கிராம். 40 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல், அதாவது தினமும் நான்கு ஸ்பூன். டீயில் போட்ட ஒரு ஸ்பூனை ஆறு வருஷத்துக்கு முன்பே நிறுத்திய மனிதர், நான் சொன்ன சொல்லால் நான்கு ஸ்பூன் சாப்பிட்டிருக்கிறார். ஒரு மாதத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2023ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, நாடு முழுதும் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நம் புதுச்சேரியில் 26.3 சதவீதம், கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாவது இடம். நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவருக்கு. இந்த மலரைப் படிக்கும் உங்களில் எத்தனையோ பேர் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

கடையில் பார்க்க வேண்டியவை

1. முன்பக்கத்தை நம்பாதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். சேர்க்கப்பட்ட பொருள்களை எடை அதிகமான வரிசையில்தான் போட வேண்டும் என்பது சட்டம். முதலில் சர்க்கரை இருந்தால் அது மிட்டாய்.

2. 70 சதவீதம் என்றால் கொக்கோவும் கொக்கோ வெண்ணெயும் சேர்ந்து 70. மீதி 30ல் பெரும்பகுதி சர்க்கரைதான். நான் தப்பாகப் புரிந்துகொண்டது இதைத்தான்.

3. 'காம்பவுண்ட்' என்று இருந்தால் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. விலை குறைவுக்குக் காரணம் அதுதான்.

4. 'சுகர் ஃப்ரீ' என்பதிலும் கொழுப்பும் கலோரியும் உண்டு. மால்டிடால் சேர்த்ததை அதிகம் சாப்பிட்டால் வயிறு போகும்.

5. சிறுநீரகக் கல் உள்ளவர்கள், கொக்கோவில் ஆக்சலேட் அதிகம் என்பதால், டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்குச் சாக்லேட் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள தியோப்ரோமின் நாய்க்கு விஷம்.

சத்துதான் வேண்டும் என்றால் சாக்லேட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 340 மில்லிகிராமுக்கு மேல், பால் சாக்லேட்டைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. வேர்க்கடலையில் புரதம் சாக்லேட்டைப் போல மூன்று மடங்கு. ஒரு நல்ல டார்க் பாரின் விலைக்கு எங்கள் வீட்டில் இரண்டு நாள் காய்கறி வந்துவிடும். ஆனால் சர்க்கரை நோயாளிகள் இதைப் படித்துவிட்டுக் கடலை மிட்டாய் பக்கம் போக வேண்டாம். வெல்லமும் சர்க்கரைதான்!

முடிவுரை

அளவோடு சாப்பிட்டால் சாக்லேட் நல்ல மிட்டாய். ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு துண்டு டார்க் சாக்லேட் மகிழ்ச்சி தரும், கெடுதல் செய்யாது. உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னபடி, நாள் முழுதும் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் வைப்பது நல்லது. அந்தக் கணக்குக்குள் அது அடங்க வேண்டும். மாத்திரைக்குப் பதிலாக மட்டும் அது ஒருநாளும் ஆகாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அப்பா இப்போது மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். போன பரிசோதனையில் 152. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "நான் சரியா பார்க்காம சொல்லிட்டேன்ப்பா" என்று நானாகச் சொன்னபோது, "பரவாயில்ல பாப்பா, இனிமே பார்த்துச் சொல்லு" என்றார். இப்போது பிஸ்கட் பாக்கெட் வாங்கினாலும் பின்பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டி, "முதல்ல என்னா போட்டிருக்கு?" என்று கேட்கிறார்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்தவர்கள். நாம் சொல்வதை வீட்டில் அப்படியே நம்புவார்கள். தெரியாததைத் 'தெரியாது, பார்த்துச் சொல்றேன்' என்று சொல்வதும் படிப்புதான். இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியில் உள்ள ஏதாவது ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் படித்து, அம்மா அப்பாவுக்குச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையின் பயன் அதுவே.